புத்துக்காளான் எந்தப் புற்றில் முளைத்தது?

போன வாரம் இடி மழை பெய்த மறுநாள் காலையில் என் சித்தி மகன் ஓசூரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். தொழிற்பேட்டையின் பின்சுவர் ஓரம், கழிவு வாய்க்காலுக்குப் பத்தடி தள்ளி ஒரு கரையான் புற்று, அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று முப்பது நாற்பது காளான். "அண்ணா, இது திங்கற காளான்தானே?" என்று கேட்டிருந்தான். நடுவில் கூம்பின குடை, மண்ணுக்குள் வேர் மாதிரி நீளமாக இறங்கும் காம்பு, எல்லாம் சரியாக இருந்தது. "புத்துக்காளான்தான், ஆனா பறிக்காதே" என்று சொன்னேன். அவனுக்குக் கோபம். "நீங்களே புத்துக்காளான்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?"

அவனுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். காளான் விஷயத்தில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரே கேள்வி, இது தின்னக்கூடிய வகையா, நாய்க்குடையா என்பதுதான். அது முக்கியமான கேள்வி. தப்பான காளானைத் தின்றால் இரண்டே நாளில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இது எந்த மண்ணில் முளைத்தது? வகை சரியாகவே இருந்தாலும் இடம் சரியில்லாவிட்டால் அந்தக் காளான் காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். தின்றவுடன் வாந்தி வராது, வயிறு வலிக்காது. வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்து, சிறுநீரகத்திலும் எலும்பிலும் தங்கி, அதற்குப் பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமே இல்லை, ஏனென்றால் நாம் ஏற்கெனவே இப்படி ஒன்றோடு வாழ்ந்தவர்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்தவர்கள், நாற்பது வயதிலேயே முதுகு வளைந்து குனிய முடியாமல் போனவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, ருசியிலும் வித்தியாசம் இல்லை. பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் உள்ளே போனது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், சொல்லப்போனால் மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். காளானில் இருக்கும் உலோகமும் அதே குணம் கொண்டதுதான். அடுப்பில் வேகாது, வெயிலில் காயாது.

சரி, மற்ற காய்கறிகளை விட்டுவிட்டுக் காளானை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? கத்தரிக்காயும் அதே மண்ணில்தானே விளைகிறது என்று கேட்கலாம். காளான் செடி இல்லை என்பதுதான் இதற்கான பதில். நாம் பறிக்கிற குடை அதன் பழம் மாதிரி, உண்மையான உடம்பு மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவிக் கிடக்கும் பூஞ்சை இழைதான். ஒரு செடியின் வேர் தொட முடியாத நுணுக்கமான இடத்தையெல்லாம் அந்த இழை தொடும். கரிம அமிலங்களைச் சுரந்து, மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சத்தையும் உலோகத்தையும் கரைத்து இழுக்கும். இழுத்த காட்மியத்தை என்ன செய்யும்? கந்தகம் உள்ள சிறு சிறு புரதங்களோடு சேர்த்துக் கட்டி, தனக்கு உறுத்தாத மாதிரி ஓரமாக வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அது தற்காப்பு. ஆனால் வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்து சேர்த்ததில் ஒரு பகுதியை, மழை பெய்து மூன்றே நாளில் குடைக்குள் ஏற்றி அனுப்பிவிடுகிறது. அதிலும் காம்பைவிடக் குடையில், குறிப்பாகக் குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதியில்தான் காட்மியம் பெரும்பாலும் அதிகம் சேர்கிறது.

எல்லாக் காளானும் ஒரே மாதிரி சேர்ப்பதில்லை. அகாரிகஸ் குடும்பத்தின் சில காட்டு வகைகள் காட்மியத்தை மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்க்கும். அதே குடும்பத்தில் பிறந்த கடை மொட்டுக் காளானில் மிகக் குறைவாக இருக்கும், காரணம் அது சுத்தமான உரப்படுக்கையில் சில வாரங்களில் வளர்ந்து வருவது. ஐரோப்பாவில் விரும்பித் தின்கிற போர்சினி காளான் பாதரசம் சேர்க்கும். சார்கோஸ்பேரா என்று கிண்ணம் மாதிரி ஒரு பூஞ்சை இருக்கிறது, உலர்ந்த எடையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டியும் அதில் ஆர்சனிக் கண்டிருக்கிறார்கள்.

1970-களிலிருந்தே ஐரோப்பியர்கள் இதைத் தேடித் தேடி அளந்து வருகிறார்கள். ஸ்லோவேனியாவில் இட்ரியா என்ற ஊரில் சுமார் 500 வருஷம் பாதரசச் சுரங்கம் நடந்தது. செக் நாட்டில் ப்ரிப்ராம் பக்கம் ஈய உருக்காலை. இந்த மாதிரி இடங்களைச் சுற்றி முளைத்த காளான்களில் அந்தந்த உலோகம் தாறுமாறாக ஏறியிருந்தது. தொழிற்சாலை இல்லாத இடத்திலும் வரலாம், சீனாவின் யுன்னான் மாகாணத்தில் மண்ணிலேயே இயற்கையாகப் பாதரசம் அதிகம் என்பதால் அங்கே காட்டுக் காளானிலும் அதிகம். அதனால் "எங்க பக்கம் ஃபேக்டரியே கிடையாது" என்பதை முழுப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பூமிக்கடியில் மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாது ஓடுவதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்திருக்கிறது. அதற்காக அரூர்க் காளானில் விஷம் என்று சொல்லவில்லை, பாறை என்ன பாறை என்பதும் கணக்கில் வரும் என்கிறேன்.

புத்துக்காளானுக்கு வருவோம், இது நம் விஷயம். இந்தக் காளானைக் கரையான்தான் பயிர் செய்கிறது, சுமார் 3 கோடி வருஷமாக. வெளியிலிருந்து காய்ந்த இலை, புல், மரத்தூள் எல்லாம் தின்றுவிட்டு வந்து, அந்தக் கழிவை வைத்துப் புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு படுக்கை கட்டும். அதில் பூஞ்சை வளரும், கரையான் அதைத் தின்னும். மழைக்காலத்தில் அந்தப் படுக்கையிலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஆகவே சுற்றுவட்டாரத்துச் சருகில் என்ன படிந்திருக்கிறதோ அது கரையான் வழியாக உள்ளே போகும். இன்னொரு வழியும் உண்டு. புற்று கட்டக் கரையான் ஆழத்திலிருந்து ஈரமான களிமண்ணைத் துகள் துகளாக மேலே கொண்டுவருகிறது. புற்று இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று கிணறு வெட்ட இடம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் புவியியல் ஆட்கள் புற்று மண்ணைச் சோதித்து அடியில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற மண் அது. அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிற காளானிலும் அந்த இடத்தின் அடையாளம் இருக்கத்தான் செய்யும். மலையடிவாரத்தில் நல்ல இடத்துப் புற்று என்றால் கவலைக்குப் பெரிதாக வேலை இல்லை. என் தம்பி பார்த்தது கழிவு வாய்க்கால் ஓரத்துப் புற்று.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் திருத்திய வரம்புப்படி, பச்சைக் காளான் ஒரு கிலோவில் காட்மியம் இவ்வளவுதான் இருக்கலாம்: மொட்டுக் காளானில் 0.05 மில்லிகிராம், சிப்பிக் காளானில் 0.15, காட்டுக் காளானில் 0.5. ஈயம் வளர்ப்புக் காளானில் 0.3, காட்டுக் காளானில் 0.8. மொட்டுக் காளானைவிடக் காட்டுக் காளானுக்குப் பத்து மடங்கு சலுகை. அது பாதுகாப்பானது என்பதால் தரப்பட்ட சலுகை இல்லை, காட்டில் கிடைப்பதில் அவ்வளவு இருக்கத்தான் செய்கிறது என்பதை ஏற்றுக்கொண்டு வைத்த வரம்பு. அரை மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரு சர்க்கரைத் துகளின் எடை. ஒரு கிலோ காளானில் ஒரே ஒரு சர்க்கரைத் துகள் அளவு, அதற்கே வரம்பு.

60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தொட்ட காளானில் கால் கிலோ தின்றால் 125 மைக்ரோகிராம் (ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம்) காட்மியம் உள்ளே போகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, இதற்கு மேல் போகக்கூடாது என்று 2010-ல் சொன்ன அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோவுக்கு 1500. அப்படியானால் பன்னிரண்டு வேளைக் காளான் குழம்பிலேயே மாதக் கணக்கு முடிந்துவிடும், இதில் அரிசி, கீரை, ராகி வழியாக வருவதைச் சேர்க்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கண்டிப்பு, கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம் என்கிறது. அதன்படி பார்த்தால் 60 கிலோ ஆளுக்கு வாரம் 150, ஒரே வேளைக் குழம்பு அதில் 125-ஐ எடுத்துக்கொள்ளும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 37.5 மைக்ரோகிராம்தான், 75 கிராம் காளானில் அது முடிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், வாட்ஸப்பில் வரும் செய்திகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் காளானைக் காய வைத்துத்தான் அளப்பார்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே காய்ந்த காளானில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வந்தால் பச்சைக் காளானில் அது 0.5 தான். உலர் எடைக்கு வந்த எண்ணை எடுத்துப் பச்சை எடைக்கான வரம்போடு ஒப்பிட்டு, பத்து மடங்கு விஷம் என்று யாராவது பரப்பினால் நம்பாதீர்கள். மறுபக்கம், காய வைத்த காளான் 25 கிராம் என்பது பச்சைக் காளான் கால் கிலோவுக்குச் சமம். காய்ந்தது கொஞ்சம்தானே என்று தாராளமாக அள்ளிப் போட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

காட்மியத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், அது உடம்புக்குள் போனால் பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும். சிறுநீரகத்தில் குந்திக்கொள்ளும். ஜப்பானின் டொயாமா பகுதியில், மேலே காமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சூ ஆற்றில் காட்மியம் கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்ற பெண்களுக்கு எலும்பு நொறுங்கியது. வலி தாங்காமல் அவர்கள் கத்தியதையே நோயின் பெயராக வைத்தார்கள், இத்தாய் இத்தாய், அதாவது வலிக்குது வலிக்குது. சுரங்கக் கழிவுதான் காரணம் என்று 1968-ல்தான் அந்த அரசு ஒப்புக்கொண்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருந்தால் குடல் இரும்பைத் தேடும்போது காட்மியத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காட்டுக் காளானைப் பறிப்பதும், ஆய்வதும், மிஞ்சியதைத் தின்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குப் புகையிலையிலேயே காட்மியம் வருகிறது, அவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

ஈயம் குழந்தைகளின் மூளையைத் தொடுவது. பெரியவர் உடம்பு தின்ற ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், சின்னக் குழந்தை பாதி வரைக்கும் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அளவே கிடையாது என்று சொல்லி, பழைய வரம்பையே அதே நிபுணர் குழு 2010-ல் எடுத்துவிட்டது. பாதரசத்தில் கொஞ்சம் ஆறுதல். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம், அது கிட்டத்தட்ட முழுசாக உடம்பில் ஏறும். காளானில் இருப்பது பெரும்பாலும் கனிமப் பாதரசம், அவ்வளவாக ஏறாது.

நம் மாவட்டங்களில் எந்த இடத்தைத் தவிர்க்கலாம்? நான் முதலில் சொல்வது பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வரைக்கும் பல பத்தாண்டுகளாக வண்டிகள் ஓடிய சாலை அது, 2000-ல் இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தும்வரை புகையில் ஈயம் கொட்டிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் மாறிவிட்டது, ஆனால் மேல்மண்ணில் விழுந்த ஈயம் எங்கேயும் போகாது. அடுத்து தொழிற்பேட்டைகளைச் சுற்றி, முக்கியமாக உலோகப் பூச்சுப் பட்டறை, பழைய பேட்டரி உடைக்கிற இடம், இரும்புக் கழிவு கொட்டுகிற இடம். குப்பை எரிக்கிற மேடும் அப்படித்தான்.

தென்பெண்ணைக் கரையைச் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பக்கத்துக் கழிவுநீரை வாங்கிக்கொண்டு வரும் ஆறு, கெலவரப்பள்ளி அணையில் பனி மாதிரி நுரை தள்ளுவதை எத்தனை தடவை செய்தியில் பார்த்திருப்போம். நுரை சோப்புக் கழிவால் வருவது, உலோகத்துக்கு நுரை கிடையாது. கழிவுநீரில் உலோகம் வந்தால் அது வண்டலில் சத்தமில்லாமல் படியும். அந்த வண்டலை வயலில் அடித்தால் அங்கேயும் போய்ச் சேரும். மாந்தோப்பில் வருஷா வருஷம் தாமிர மருந்து தெளித்திருந்தால் மண்ணில் தாமிரம் ஏறியிருக்கும், பாஸ்பேட் உரத்திலும் மூலப்பாறையைப் பொறுத்துக் கொஞ்சம் காட்மியம் இருக்கும், ஆனால் இவையெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் அடுத்தபடிதான்.

வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம், அஞ்செட்டிப் பக்கத்து மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மழைக்குக் காளான் எடுத்துத் தின்கிறார்கள். அவர்களிடம் போய், காளான் ஆபத்து, தின்னாதீர்கள் என்று சொல்வது அநியாயம். சாலையிலிருந்தும் ஆலையிலிருந்தும் தள்ளி இருக்கிற புற்று, வருஷத்தில் சில வாரம் மட்டும் கிடைக்கிற காளான், களிக்கு நல்ல குழம்பு, புரதம். அதை விட வேண்டியதில்லை. பிரச்சினை, சந்தையில் தேக்கு இலையில் கட்டி வைத்து விற்கும்போது மலைக் காளானும் பைபாஸ் காளானும் ஒரே மாதிரி இருப்பதுதான். விற்கிற அம்மாவிடம் "எங்க எடுத்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள், எந்த மேடு, எந்தக் கொல்லை என்று பெருமையாகவே சொல்வார்கள்.

வீட்டில் செய்கிற சோதனைகள் எதுவும் உதவாது. பூண்டு போட்டால் கறுக்கும், வெள்ளிக் காசு போட்டால் நிறம் மாறும் என்பதெல்லாம் நச்சுக் காளானுக்கே பலிக்காதவை, உலோகத்தை அவை எங்கே காட்டப்போகின்றன. மஞ்சள் தண்ணீரில் நன்றாக அலசுவது மட்டும் வேறு காரணத்துக்காக நல்லது, ஒட்டியிருக்கிற மண்ணோடும் தூசியோடும் மேலே படிந்த ஈயம் கொஞ்சம் போகும். வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதி குறையும், மீதி காளானின் சதையோடு கட்டுண்டு கிடக்கும். அடிக்கடி காளான் தின்ன ஆசைப்படுகிறவர்கள் சிப்பிக் காளானோ பால் காளானோ வீட்டிலேயே போடலாம், பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, போய்க் கேளுங்கள். ஆனால் வைக்கோல் எந்த வயலிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குங்கள், சிப்பிக் காளான் வைக்கோலில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஃபுளோரைடுக்கு நம் ஊர்களில் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள், அதனால்தான் எந்த ஊருக்கு அவசரம் என்று தெரிந்தது. காளானுக்கும் அப்படி நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரைக்கும் ஆற்றோரம், தொழிற்பேட்டை விளிம்பு, நெடுஞ்சாலை ஓரம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மலைப்புற்று, ஒவ்வொன்றிலும் காளானும் புற்று மண்ணும் எடுத்து அளந்தால் போதும், நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உலோகத்தை அளக்கிற அணு உறிஞ்சல் கருவியில் வைத்தால் எண் வந்துவிடும். கல்லூரியில் வேதியியலோ தாவரவியலோ படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டாக எடுத்தால் ஒரே மழைக்காலத்தில் முடிகிற வேலை. மாதிரி எடுக்கிறவர்கள் பாலித்தீன் கவரில் போடாதீர்கள், ஒரே நாளில் வியர்த்து அழுகிவிடும். காகிதப் பையில் ஒவ்வொரு புற்றுக் காளானையும் தனித்தனியாகப் போட்டு, இரும்புக் கத்தி படாமல் கையாலேயே மண்ணைத் தட்டிவிட்டு, இடமும் தேதியும் பையின் மேல் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும், எந்தப் புற்று என்பது அதோடு போய்விடும்.